ஹாலுக்குப் பன்னிரண்டு லைட் வேண்டாம், ஆறு போதும்

கேள்வி: மதுரை திருநகரில் எங்கள் வீடு, மேல்மாடி. ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம். தளம் 10 அடி உயரம். இப்போது ஜிப்சம் சீலிங் போடுவதால் 9½ அடிக்கு இறங்குகிறது. நடுவில் 48 இஞ்ச் ஃபேன் ஒன்று. 15 வாட் டவுன்லைட் பன்னிரண்டு, வரிசைக்கு நாலாக மூன்று வரிசை போட்டால்தான் பளிச்சென்று இருக்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கடைக்காரரும் 6500 வெள்ளைதான் எல்லோரும் வாங்குவது என்கிறார். கண் கூசுமோ என்று எங்களுக்குப் பயம். மாமனாருக்கு 68 வயது, ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி; ராத்திரியில் பேப்பர் படிப்பார். மாமியார் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டுவார். பையன் ஆறாவது படிக்கிறான், ஹோம்வொர்க் ஹாலில்தான். அப்புறம் எல்லோரும் பாய் விரித்து டிவி பார்ப்போம். டிவி இருக்கும் 12 அடிச் சுவர் முழுக்க கரும்பழுப்பு லேமினேட். மற்ற மூன்று சுவரும் க்ரீம் கலர், தரை வழவழப்பான டைல்ஸ். எத்தனை வாட் போடலாம்?
– ஒரு வாசகி, திருநகர்

பதில்:

சகோதரிக்கு,

ஜிப்சம் பலகையில் ஓட்டை விழுவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள், நல்லதாயிற்று. ஒரு தடவை வெட்டிவிட்டால் பிறகு அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தாலும் வட்டமாகத் தடம் தெரிந்துகொண்டே இருக்கும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீலிங்கில் 8 வாட் டவுன்லைட் ஆறு. நீளச் சுவர் ஒன்றில் 20 வாட் எல்இடி டியூப் ஒன்று. மாமனார் நாற்காலிக்கு ஒரு ஸ்டாண்டு விளக்கு. மாமியார் பூக்கட்டும் இடத்துக்கு ஒரு சுவர் விளக்கு. டிவிக்குப் பின்னால் மூன்று மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது ஒட்டும் பட்டை விளக்கு. எல்லாம் சேர்த்து 100 வாட் சொச்சம்தான் வரும். அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் எரியவேண்டிய நாள் விசேஷ நாளாகத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியன் சொன்ன கணக்கு 180 வாட், ஒரே மாதிரி வெளிச்சம், மேலே இருந்து மட்டும்.

உங்கள் ஹாலில் ஒரு நாளைக்கு நாலு வேலை நடக்கிறது. பேப்பர் படிக்க வேண்டிய வெளிச்சத்தில் டிவி பார்க்க முடியாது, டிவிக்கு ஏற்ற வெளிச்சத்தில் பூக்கட்ட முடியாது. அதனால் ஹால் முழுவதற்கும் ஒரே அளவைத் தேடாதீர்கள். நடமாட்டத்துக்கு வேண்டிய வெளிச்சம் சீலிங்கில் இருந்து வரட்டும். வேலைக்கு வேண்டியது கைக்குப் பக்கத்தில் இருந்து வரட்டும்.

வாட்டை விட்டுவிட்டு லூமெனைப் பாருங்கள்

வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் கரண்ட்டின் அளவு. வெளியே வரும் வெளிச்சத்தின் அளவு லூமென். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமென் சொச்சம் கொடுத்தது. இன்றைக்கு 8, 9 வாட் எல்இடி அதைக் கொடுத்துவிடும். பழைய 40 வாட் டியூப்லைட் 2,400 லூமென் அளவுக்குக் கொடுத்தது, சோக்கையும் சேர்த்தால் 50 வாட்டுக்கு மேல் எடுத்தது. இப்போதைய 20 வாட் எல்இடி டியூப் பெரும்பாலும் 2,000 லூமென்.

"பழைய டியூப் மாதிரி வெளிச்சம் இல்லையே" என்று பலர் குறைப்படுவதற்கு இந்த 400 லூமென் வித்தியாசம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பழைய டியூப் சுற்றிலும் எரிந்தது. தளத்துக்கும் பின்சுவருக்கும் வெளிச்சம் போனது. எல்இடி டியூப் முன்பக்கம் மட்டும் வீசுகிறது. தளம் இருட்டாகத் தெரிந்தால், தரையில் அதே வெளிச்சம் விழுந்தாலும் அறையே மங்கலாகத் தோன்றும். டவுன்லைட்டுக்கும் இதே குணம்தான்: சீலிங்குக்குள் புதைந்திருப்பதால் சீலிங்குக்கு வெளிச்சமே கிடைக்காது. அதனால்தான் சுவரில் ஒரு டியூப்பை விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். உங்கள் ஹால் 18-க்கு 12, அதாவது 216 சதுர அடி. சதுர மீட்டரில் கணக்காக 20. டிவி நேரத்துக்கு 50 லக்ஸ் தாராளம். வந்தவர் முகம் பார்த்துப் பேச, நடமாட, 100 முதல் 150 லக்ஸ். பையன் நோட்டின் மேல் 300. மாமனார் வயதில் பேப்பரின் பொடி எழுத்துக்கு 500 வேண்டும்.

விளக்கில் இருந்து கிளம்புவது அத்தனையும் கீழே வந்து சேராது. சுவரும் சீலிங்கும் வெளிர் நிறமாக இருக்கும் ஹாலில் பாதி வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்தில் தூசியும் பூச்சியும் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். ஆக, பெட்டியில் போட்ட லூமெனில் 40 சதவீதம்தான் கைக்கு வரும்.

இப்போது எலக்ட்ரீஷியன் கணக்கைப் போடுவோம். 15 வாட் டவுன்லைட் ஒன்று சுமார் 1,350 லூமென், பன்னிரண்டுக்கு 16,200. அதில் 40 சதவீதம் 6,480; அதை 20-ஆல் வகுத்தால் 324 லக்ஸ். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் அளவு இது. பாய் விரித்துப் படுக்கும் இடத்துக்கு எதற்கு?

நான் சொன்ன ஆறு டவுன்லைட்டுக்கு வாருங்கள். ஒன்று 750 லூமென் என்றால் மொத்தம் 4,500. கைக்கு வருவது 90 லக்ஸ். 20 வாட் டியூப்பையும் போட்டால் இன்னும் 40. மொத்தம் 130. டிவி பக்கத்துக் கரும்பழுப்புப் பலகை தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், அதனால் 120 என்றே வையுங்கள். வீடு நிறைய ஆள் வந்தாலும் இது போதும். 324-க்கும் 120-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் காகிதத்தில்தான் பெரிதாகத் தெரிகிறது. வெளிச்சம் இரு மடங்கானால் கண்ணுக்கு அது இரு மடங்காகத் தெரியாது, "கொஞ்சம் கூட" என்றுதான் தெரியும். கூச்சம் மட்டும் முழுசாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் அந்தக் கூச்சத்துக்குக் காரணம் மூன்று. பாயில் படுத்தால் கண் நேராக சீலிங்கைத்தான் பார்க்கும்; சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு இந்தத் தொல்லை பாதி. வழவழப்பான டைல்ஸ் ஒவ்வொரு விளக்கையும் கீழே இன்னொரு விளக்காகக் காட்டும்; பன்னிரண்டு போட்டால் இருபத்து நாலு. மூன்றாவது, மாமனாரின் ஆபரேஷன் ஆகாத கண். புரை விழுந்த லென்ஸ் உள்ளே வரும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. விளக்கு நேரே கண்ணில் பட்டால் பார்வை முழுக்கப் பனிமூட்டம் போலாகிவிடும். எழுத்தின் மேல் வெளிச்சம் கூடினால் அவருக்கு உதவி. முகத்தின் மேல் கூடினால் உபத்திரவம். பன்னிரண்டு டவுன்லைட் இரண்டாவதைத்தான் செய்யும்.

ஃபேனை மறந்து போட்ட லைட்

இந்த விஷயத்தை எலக்ட்ரீஷியனிடம் படம் போட்டுக் காட்டுங்கள், ஏனென்றால் ஹாலில் வெளிச்சம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

48 இஞ்ச் ஃபேன் என்றால் நடுவில் இருந்து இறக்கை நுனிவரை 2 அடி. அவர் சொன்னபடி வரிசைக்கு நாலு லைட் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே 4½ அடி. மூன்று வரிசையில் நடுவரிசை ஃபேனுக்கு நேராக ஓடும். அந்த வரிசையில் நடு இரண்டு லைட்டும் ஃபேன் மையத்தில் இருந்து 2¼ அடியில் வந்து நிற்கும். அதாவது இறக்கை நுனிக்கும் லைட்டுக்கும் மூன்று இஞ்ச். ஃபேன் சீலிங்குக்கு ஒரு அடி கீழே சுற்றுகிறது. லைட்டில் இருந்து உள்பக்கமாக இறங்கும் வெளிச்சத்தை ஒவ்வொரு இறக்கையும் வெட்டி வெட்டி விடும். கீழே நடுஹாலில் உட்கார்ந்திருப்பவர் மேல் நிழல் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். மூன்று இறக்கை ஃபேன் நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றினால் விநாடிக்குப் பதினைந்து தடவை. தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இதற்கு லைட்டை மாற்றிப் பிரயோஜனமில்லை. இடத்தை மாற்றினால்தான் தீரும்.

ஆறு லைட்டை இப்படி வையுங்கள். 18 அடி நீளத்தில் டிவி சுவரில் இருந்து 3, 9, 15 அடியில் மூன்று கோடு. 12 அடி அகலத்தில் சுவரில் இருந்து 3 அடி உள்ளே இரண்டு கோடு. கோடுகள் வெட்டும் ஆறு இடத்தில் லைட். லைட்டுக்கும் லைட்டுக்கும் 6 அடி, சுவருக்கு அதில் பாதி; இந்த உயரச் சீலிங்குக்கு நடுவில் இருட்டுத் திட்டு விழாது.

ஆனால் நடுக்கோட்டில் இருக்கும் இரண்டு லைட் மட்டும் இறக்கை நுனிக்கு ஒரு அடியில் வந்துவிடும், அது போதாது. அந்த இரண்டையும் 3 அடியில் வைக்காமல், சுவரில் இருந்து 1½ அடிக்குத் தள்ளிவிடுங்கள். அப்போது நுனிக்கும் லைட்டுக்கும் 2½ அடி இடைவெளி. இறக்கை வெட்டும் நிழல் எதிர்ச்சுவரில் 5 அடி உயரத்துக்கு மேலேதான் விழும். உட்கார்ந்திருப்பவர் தலை 4 அடியைத் தாண்டாது. மூலையிலுள்ள நாலு லைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை ஃபேனுக்குத் தூரம். சீலிங் இறங்கிய பிறகு ஃபேன் ராடு நீளத்தை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும்: ஃபேன் கீழே இறங்க இறங்க லைட்டை இன்னும் தள்ள வேண்டும். ஃபேனையும் லைட்டையும் ஒரே நாளில், ஒரே டேப்பில் அளந்து குறியுங்கள்.

டிவி சுவருக்குப் பக்கத்து இரண்டு லைட்டை ஒரு சுவிட்சிலும், மற்ற நாலை ஒரு சுவிட்சிலும் பிரியுங்கள். டிவி ஓடும்போது கண்ணுக்கு எதிரே எரியும் முன் இரண்டும் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். பின் நாலுக்கு ஒரு சோதனை உண்டு: டிவியை அணைத்துவிட்டு, வழக்கமாகப் படுக்கும் இடத்தில் படுத்து, கறுப்புத் திரையைப் பாருங்கள். அது கண்ணாடி மாதிரி. எந்த லைட் அதில் தெரிகிறதோ அது படம் ஓடும்போதும் மேலே மிதக்கும்.

பேப்பருக்கும் பூவுக்கும்

சீலிங்கில் இருக்கும் 9 வாட் பல்பு ஒன்று ஆறு அடி கீழே இருக்கும் பேப்பருக்கு நேராகக் கொடுப்பது 25 லக்ஸ்தான். அதே பல்பு பேப்பருக்கு அரை மீட்டரில் இருந்தால் 300 லக்ஸுக்கு மேல். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்பதுதான் இதிலுள்ள கணக்கு. உள்பக்கம் வெள்ளையடித்த குடை போட்ட விளக்கானால், பக்கவாட்டில் வீணாகும் வெளிச்சமும் கீழே திரும்பி வந்து, 60 செ.மீ. தூரத்திலேயே 500 லக்ஸைத் தாண்டும். பன்னிரண்டு டவுன்லைட்டால் 180 வாட்டில் கொடுக்க முடியாததை 9 வாட்டில் ஒரு ஸ்டாண்டு விளக்கு கொடுத்துவிடுகிறது.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. அதனால் மாமனார் "வெளிச்சம் பத்தலை" என்று சொன்னால் உங்கள் கண்ணை வைத்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால், பக்கவாட்டில், தோளுக்கு மேலே இருந்து பேப்பரில் விழுமாறு ஸ்டாண்டு விளக்கை வையுங்கள். உட்கார்ந்த நிலையில் பல்பு அவர் கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் குடையை இறக்குங்கள். சுற்றிலும் கும்மிருட்டாக வைத்து இது ஒன்றை மட்டும் போட்டாலும் கண் களைக்கும். பின் நாலு டவுன்லைட் கூட எரியட்டும். சுவிட்ச் நாற்காலியில் இருந்து கைநீட்டினால் எட்ட வேண்டும், எழுந்துபோய்ப் போடவேண்டியதாக இருந்தால் அவர் போடாமலே படிப்பார். அங்கே 5 ஆம்ப் பிளக் பாயிண்ட் ஒன்று இப்போதே விடச் சொல்லுங்கள்.

பையனுக்கு சோபாவில் ஹோம்வொர்க் வேண்டாம். மடியில் நோட்டை வைத்துக் குனிந்தால் அவன் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். டியூப் இருக்கும் சுவரோரம் ஒரு சின்ன மேஜை, 7 வாட் மேஜை விளக்கு ஒன்று. வலது கையால் எழுதுகிறவன் என்றால் விளக்கு இடது பக்கம். இடது கைக்காரன் என்றால் மாற்றி. எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேல் விழக்கூடாது, அவ்வளவுதான்.

பூக்கட்டுவதுதான் நாலிலும் கஷ்டமான வேலை, ஆனால் அதற்கென்று விளக்கு போடும் வீடு அபூர்வம். மல்லிகை மொட்டு வெள்ளை, வாழைநார் வெளிர் நிறம், விரலுக்கடியில் நார் சுற்றி இறுகுகிற இடத்தில் நிழல். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் மொட்டைக் கொட்டிவிட்டால் எது காம்பு, எது மொட்டு என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். முதல் வேலை, கரும்பச்சையோ கருநீலமோ ஒரு துணி அல்லது தட்டு. மொட்டு தனித்தனியாக எடுத்துத் தெரியும். வெளிச்சம் கூட்டாமலேயே பாதிச் சிரமம் குறைந்துவிடும். அடுத்தது, அவர் வழக்கமாக உட்காரும் சுவரில், தரையில் இருந்து 4½ அடி உயரத்தில், கீழ்நோக்கிக் குடை வைத்த சுவர் விளக்கு. 9 வாட் பல்பு. கைக்கும் விளக்குக்கும் மூன்றரை அடி இருக்கும். அது தருவது 170 லக்ஸ் அளவு. அதோடு சீலிங் லைட்டும் டியூப்பும் சேர்ந்து 300-ஐ எட்டும். விளக்கு அவர் முதுகுக்கு நேரே பின்னால் இருந்தால் உடம்பின் நிழல் மடியில் விழும். ஒரு முழம் இடது பக்கமாகத் தள்ளி வையுங்கள். சுவரில் அடிக்கும் முன், அவரை உட்காரச் சொல்லி, மொபைல் டார்ச்சை அந்த உயரத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

6500 வேண்டாம்

கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது, அளவை அல்ல. 2700, 3000 மஞ்சள் கலந்தது. 4000 இயல்பான வெள்ளை. 6500 நீலம் கலந்த வெள்ளை. நீலம் கலந்தால் பளிச்சென்று தோன்றுவதால் கடையில் அது விற்கிறது. ராத்திரியில் தூங்கும் நேரம் வரைக்கும் அந்த நீலம் நல்லதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் ஈசலையும் பூச்சியையும் அது கூடுதலாக இழுக்கும். அவை மூடிக்குள் போய்ச் செத்துக் கறுப்பாகச் சேரும். டவுன்லைட், டியூப், பூக்கட்டும் விளக்கு, பேப்பர் விளக்கு எல்லாம் 4000. டிவிக்குப் பின்னால் மட்டும் 3000.

வெயில் நேரத்தில் வெளியே இருந்து வருபவருக்கு இந்த ஹால் இருட்டாகத் தோன்றும்; அதற்காக லைட்டைக் கூட்டாதீர்கள். மதுரை உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். அதில் இருந்து உள்ளே வரும் கண் பழகுவதற்குச் சில நிமிஷம் எடுக்கும், எத்தனை லைட் போட்டாலும்.

பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கான அளவு அது. 80-க்குக் கீழ் வாங்காதீர்கள். மாமனாரின் விளக்குக்கும் மாமியாரின் விளக்குக்கும் 90 கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மட்டமான எல்இடி முதலில் கெடுப்பது சிவப்பைத்தான்: குங்குமம் செங்கல் பொடி மாதிரி, அரக்குச் சேலை பழுப்பு மாதிரி, முகம் சோகை பிடித்த மாதிரி தெரியும். கடையில் உள்ளங்கையை அதன் கீழ் நீட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் மூன்று கலர் மாறும் டவுன்லைட்டை எலக்ட்ரீஷியன் சிபாரிசு செய்யலாம். நாலு லைட் ஒரே சுவிட்சில் இருக்கும்போது, கரண்ட் போய்ப் போய் வந்தால் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெள்ளையாகவும் தங்கிவிடும். மறுபடி ஒன்றாக்க மல்லுக்கட்ட வேண்டும். ஒரே நிறம் வாங்குங்கள்.

டிவிக்குப் பின் ஸ்ட்ரிப், கரும்பழுப்புப் பலகைக்காகத்தான். இருட்டுச் சுவரும் வெளிச்சத் திரையுமாக இருந்தால் கண் மாறி மாறிப் பழகிச் சோர்ந்துபோகும். மீட்டருக்கு 5 வாட் போதும், 24 வோல்ட் வாங்குங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப் நீளம் கூடக் கூட வாலில் மங்கும். 15 வாட் ஸ்ட்ரிப்புக்கு 20 வாட் டிரைவர், அதாவது வீட்டுக் கரண்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. சரியாக 15 போட்டால் சூடேறி சீக்கிரம் போய்விடும். டிரைவரைப் பலகைக்குள் வைத்து ஆணி அடித்து மூடிவிடாமல், கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சீலிங் ஓரம் சுற்றிலும் ஸ்ட்ரிப் விடலாமே என்று யாராவது சொன்னால், அந்தக் குழியில் சேரும் தூசியையும் பல்லி எச்சத்தையும் மாதாமாதம் யார் ஏணி போட்டுத் துடைப்பது என்று கேளுங்கள்.

மேல்மாடிச் சூடு

நீங்கள் மேல்மாடி என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தளம் காய்ந்து, அதற்கும் ஜிப்சத்துக்கும் நடுவே இருக்கும் அரை அடிக் காற்று அடுப்பு மாதிரி ஆகிவிடும். எல்இடி 25,000 மணி நேரம் என்று பெட்டியில் இருக்கும். தினம் 6 மணி நேரம் எரித்தால் பதினோரு வருஷம். ஆனால் முதலில் போவது எல்இடி இல்லை, அதன் டிரைவரில் இருக்கும் கெப்பாசிட்டர். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். சூட்டுக்காக மேலே தெர்மோகோல் போடுவதாக இருந்தால், ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் அரை அடி வட்டத்துக்குத் தெர்மோகோலை வெட்டி எடுத்துவிடுங்கள். லைட்டின் முதுகிலோ டிரைவர் மேலோ அது படக்கூடாது, தீப்பிடிக்கும் பொருளும்கூட. பின்பக்கம் அலுமினியம் இருக்கிற லைட் வாங்குங்கள். கையில் எடுத்தால் கனம் தெரியும். 15-ஐ விட்டு 8 வாட்டுக்கு வரச் சொல்வதில் இந்தச் சூட்டுக்கும் பங்கு உண்டு.

வாங்கும்போது கடையிலேயே எரியவைத்து, மொபைல் கேமராவைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுக்குகிறது, கண்ணுக்குத் தெரியாமல். லேசாக ஓடினால் பரவாயில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். கொடுத்த பதிவு எண் பெட்டியில் இருக்க வேண்டும். லூமென் எண்ணே அச்சிடாத பெட்டியைத் தொடவேண்டாம். ஆறு லைட்டும் ஒரே பெட்டியில் இருந்து, ஒரே மாடல், அதோடு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒன்று போனால் அதே நிறம், அதே ஓட்டை அளவு கிடைப்பது கஷ்டம். ஓட்டை அளவு லைட்டின் விளிம்பு அளவைவிடச் சின்னது. லைட் கைக்கு வந்த பிறகுதான் ஜிப்சத்தை வெட்ட வேண்டும்.

வயரிங்கில் நாலு விஷயம். சுவிட்ச், கரண்ட் வரும் வயரான ஃபேஸில்தான் இருக்க வேண்டும். அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால், கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருக்கிறார்களா என்று முதலில் டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் அணைத்த விளக்கைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இதே மினுங்கல் வரும், அதில் ஆபத்தில்லை. இரண்டாவது, பழைய ஃபேன் ரெகுலேட்டரை வைத்து லைட்டைக் குறைக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள், டிரைவர் கருகிவிடும். மூன்றாவது, சீலிங்குக்கு மேலே டேப் சுற்றிய ஜாயிண்ட் வேண்டாம், கனெக்டர் போடச் சொல்லுங்கள். நாலாவது இன்வர்ட்டர்: டியூப்பும் மாமனார் பிளக்கும் இன்வர்ட்டர் லைனில் இருக்கட்டும், மொத்தமே 29 வாட். அந்த லைனின் நியூட்ரலை மற்ற லைனோடு கலந்துவிட்டால் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு டவுன்லைட் தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். ஆறு டவுன்லைட்டும் டியூப்பும் அதே நேரம் எரிந்தால் 20 யூனிட் சொச்சம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்னும்போது, அதில் பாதியை ஹால் லைட்டுக்கே கொடுப்பது அநியாயம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: சீலிங் ஃப்ரேம் ஏறியதும், பலகை ஏறும் முன்னால், டவுன்லைட் ஒன்றே ஒன்று வாங்கி வந்து நீள வயரில் பிளக் மாட்டி ஃப்ரேமில் கட்டச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு ஃபேனைப் போட்டுவிட்டு, நான் சொன்ன ஆறு இடத்திலும் ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டி, பாயில் படுத்தும் சோபாவில் உட்கார்ந்தும் பாருங்கள். மாமனாரையும் உட்காரவையுங்கள். கூசும் இடத்தை சாக்பீஸில் குறித்து ஒரு சாண் நகர்த்துங்கள். எதிர்ச்சுவர் நிழலையும் அப்போதே பார்த்துவிடலாம். எல்லாம் மாட்டி முடிந்த பிறகு மொபைலில் லக்ஸ் மீட்டர் செயலியை இறக்கி, மொபைலை மல்லாக்க சோபாக் கைப்பிடி மேல் வைத்துப் பாருங்கள். மொபைல் காட்டும் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். புது லைட், தூசி படாதது என்பதால் ஆறும் எரியும்போது 110 பக்கம் காட்டினால் கணக்கு சரி. 70-க்குக் கீழே காட்டினால் பெட்டியில் போட்ட லூமென் பொய். பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.